மச்சினன் மிதித்தான், நான் தூங்கினேன்

எனக்குத் தூக்கம் என்றால் பிடிக்கும், ஐயா. இரவெல்லாம் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவனுக்குப் பகலில்தான் இராத்திரி.

வீட்டில் படுக்க ஒரே அறை. என் கட்டிலின் கால்மாட்டில்தான் மச்சினன் பந்தய சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்கும்படி, உருளைமேல் ஏற்றி வைத்திருந்தான். நான் வந்து படுக்கும்போது அவன் மிதிக்க உட்காருவான். மாவு மில் ஓடுகிற சத்தம். மார்பில் பட்டை, பட்டையில் இதயத் துடிப்பை எண்ணும் சின்னப் பெட்டி. எண்ணிக்கை மணிக்கட்டிலுள்ள கடிகாரத்தில் தெரியும்.

"மாப்ள, மூச்சு வாங்குதே. உடம்பே போதும்னு சொல்லுது, எறங்குடா" என்றேன்.

"உடம்பு சோம்பேறி மாமா, உங்கள மாதிரி. மிஷின்தான் உண்மை பேசும். நூத்தம்பதைத் தொட்டாத்தான் எறங்கணும்னு கோச் சொல்லிருக்காரு."

கோச் என்றால் நீங்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

மனைவியும் தம்பி பக்கம். "ஞாயித்துக்கெழம பந்தயம். அதுவரைக்கும் காதுல பஞ்ச வச்சிக்கங்க" என்றாள். வைத்துக்கொண்டேன். கேட்கத்தான் செய்தது.

சனிக்கிழமை அவன் குளிக்கப் போனபோது, அவன் பட்டையில், பேட்டரி செத்துப்போன அவனுடைய பழைய பெட்டியை மாட்டினேன். நல்ல பெட்டியை அவனுடைய பழைய பட்டையில் கோத்து என் பனியனுக்குள் கட்டிக்கொண்டு படுத்தேன். பையன் மிஷினை விட்டுத் தன் உடம்பை நம்பப் பழகட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

"மாமா, எழுபதுதான் காட்டுது. ஆனா மூச்சு முட்டுது."

"மிஷின் பொய் சொல்லுமா மாப்ள? நல்லா அழுத்து" என்று திரும்பிப் படுத்தேன்.

அழுத்தினான். நான் கண்ணயர்ந்ததும் எண் இறங்கியிருக்கும். குறட்டை விட்டதும் இன்னும் இறங்கியிருக்கும். அது இறங்க இறங்க அவன் வேகத்தை ஏற்றியிருக்கிறான். கட்டில் தொட்டில்போல ஆடியது. அந்தச் சத்தத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

சத்தம் நின்றதால் விழித்துக்கொண்டேன். மச்சினன் சைக்கிளோடு சாய்ந்து கிடந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும், "அம்பத்தெட்டு மாமா" என்று அழுதான். பாவமாக இருந்தது. கைத்தாங்கலாகத் தூக்கி மறுபடி சைக்கிளில் ஏற்றிவிட்டேன். எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கழிப்பறைக்கே இரண்டு பேர் தாங்கிப்போக வேண்டியிருந்தது. பந்தயம் அவன் இல்லாமலே நடந்தது.

செய்தது நான்தான். அவன் நல்லதுக்குச் செய்ததால் மனதில் துளிப் பதற்றமும் இல்லை. பெட்டி இன்னும் என் மார்பில்தான் இருக்கிறது. உங்கள் கையிலுள்ள அவன் கடிகாரத்தையே பாருங்கள்.

நூற்றைம்பதா? மிஷின் கெட்டுப்போயிருக்கும், ஐயா.