முப்பத்தாறு குப்பியும் ஒரு கழுத்தும்

— கண்ணால பாக்கல, கையால தொடல, சம்பந்தியம்மா. முப்பத்தாறு குப்பியை வரிசையா நிறுத்தி வச்சிருக்கு. ஒரே எடுப்பு. என் வீட்டுக்காரி கழுத்து நிறம் அந்தக் குப்பிக்குள்ள இருந்தது. அவ அந்நேரம் ரெண்டு மைல் தள்ளி ஸ்கூல் வாசல்ல விசில் ஊதிட்டு நிக்கா. இப்படி ஒரு காரியத்தை இந்த உலகத்துல எவனும் செஞ்சது கிடையாது.

— ஜெயபாய் அக்கா, அத்தான் சொல்றதுல பாதியைக் கழிங்க. மீதியை ரெண்டா வகுங்க. அப்பவும் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும்.

— ஏலே மகேஷு, உன் கடையில நடந்த விஷயம்லா இது?

— என் கடையில நடந்ததாலதான் சொல்றேன்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. பையன் கல்யாண ஆல்பம் வந்துட்டுன்னு விழிஞ்ஞத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி ஓடி வந்திருக்கேன். ஆல்பத்தைத் திறக்கும் முன்னால அண்ணாச்சி குப்பியைத் திறந்துட்டாரு. எந்தக் குப்பி, அதுக்குள்ள எப்படிக் கழுத்து? எனக்கு ஒண்ணும் பிடி கிடைக்கல, கேட்டீங்களா.

— மூஞ்சிக்கு அடிக்கிற பெயிண்ட், சம்பந்தியம்மா.

— ஃபவுண்டேஷன், அத்தான். நூறு தடவை சொல்லிட்டேன்.

— அடிச்சாக் காயுதுல்லா? காஞ்சா நிறம் மாறுதுல்லா? அப்ப பெயிண்ட்தான். முப்பத்தஞ்சு வருஷம் பெயிண்ட் கடையில கலர் கலக்கினவன் கிட்ட வந்து பேரு சொல்லித் தர்றான் பாருங்க, வளையலும் சாந்தும் விக்கிறவன்.

— சரி, பெயிண்டுன்னே வச்சுக்கிடலாம். அது பிரேமாவுக்கு எதுக்கு?

— நிச்சயதார்த்தப் போட்டோ ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

— பின்னே, இல்லாம இருக்குமா. உள்ளதைச் சொன்னா கோவிக்கக் கூடாது, அண்ணாச்சி. நிச்சயத்துக்குத்தான் என்னால வர முடியலையே. போட்டோவுல இதுதான் நீதுவோட அம்மான்னு என் மகன் ஜெயந்த் காட்டினப்ப, நான் கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடியும் பாத்தேன். முகம் ஒரு ஆளு, கழுத்து வேற ஒரு ஆளு.

— ரெண்டு ஆளோட விட்டீங்களே. மூணு. மூஞ்சி புதுசா வெள்ளையடிச்ச கோயில் மதில். கழுத்து அவ கழுத்து. காது ரெண்டும் கருப்பட்டி. ஃபிளாஷ் அடிச்சதும் மூஞ்சி மட்டும் தனியாக் கழண்டு மேடையை விட்டு இறங்கி, முதல் பந்தியில போயி உக்காந்துட்டு.

— எங்க அக்கா காதுல விழுந்தா உங்களுக்கு இன்னைக்குச் சாப்பாடு கிடையாது.

— அவ வர அஞ்சு மணி ஆகும். அதுவரைக்கும் நான் சுதந்திரப் பிரஜை. கேளுங்க சம்பந்தியம்மா. அந்த வெள்ளையைக் கொடுத்த மகான் யாருன்னு நினைக்கீங்க? இந்தா உக்காந்திருக்கான், மடியில கவரை வச்சுக்கிட்டு.

— தம்பியா?

— கடையிலேயே உசந்த சாமான் அக்கா அது. எல்லாரும் தன் நிறத்துக்கு ரெண்டு படி வெளுப்பாத்தான் கேப்பாங்க. அக்காவுக்கும் அப்படியே கொடுத்தேன். புறங்கையில ஒரு பொட்டு தேச்சுப் பாத்தேன், டியூப் லைட்ல நல்லாத்தான் இருந்தது.

— புறங்கையில! டியூப் லைட்ல! என் கடையில ஒருத்தன் இப்படி வேலை செஞ்சிருந்தா அன்னைக்கே கணக்கு தீத்து அனுப்பியிருப்பேன். இருபது வருஷமா ஸ்கூல் வாசல்ல நின்னு பிள்ளைகளை ரோடு கடத்தி விடுறவ. மூஞ்சி வெயிலுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது. யூனிஃபார்ம் காலரு கழுத்துவரைக்கும் பட்டன் போட்டது. கழுத்துல வெயிலு பட்டதே இல்ல. அந்த ரெண்டும் சேருற இடம் எது? தாடை. அங்க வச்சுப் பாக்க வேண்டாமா?

— அதுவும் ஒரு நியாயம்தான்.

— போட்டோ நேரா குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போச்சு. நூத்திப்பன்னிரண்டு பேரு அதுல. நூத்திப்பதினொரு பேரும் சிரிக்கிற படம் போட்டானுவ. மிச்சம் ஒருத்தி பிரேமா.

— அய்யோ, பாவம்.

— அவ சத்தம் போட்டிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன். மூஞ்சியைக் கழுவிட்டு வந்து, பருப்பைக் களைஞ்சுக்கிட்டே சொன்னா: கல்யாணத்தன்னைக்கு நான் மண்டபத்துக்கு வருவேன், பந்தி பாத்துக்கிடுவேன், மேடைக்கு வரமாட்டேன். தாரை வார்க்கும்போது உங்க அக்காவைத் தண்ணி ஊத்தச் சொல்லுங்கன்னா.

— எனக்கு இந்த விஷயம் ஒண்ணுமே தெரியாது, அண்ணாச்சி. பொண்ணைத் தாரை வார்க்க பெத்தவ வந்து நின்னு தண்ணி ஊத்தாம வேற யாரு ஊத்த?

— அதைத்தான் நானும் கேட்டேன். ஒத்தைப் பிள்ளை. நான் கையை நீட்டிட்டு நிக்கணும், வேற ஒருத்தி செம்பைச் சாய்க்கணுமா? அவ அதுக்கும் பருப்புதான் களைஞ்சா. அரைக் கிலோ பருப்பை அன்னைக்கு எட்டு தடவை களைஞ்சா.

— இது நிஜம் அக்கா. இந்த ஒண்ணைக் கழிக்க வேண்டாம். நீது ரெண்டு நாளு அழுதா. அக்கா இறங்கி வரல.

— அப்பதான் நான் களத்துல இறங்கினேன்.

— முதல்ல எப்படி இறங்குனீங்கன்னு சொல்லுங்க அத்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம், அக்கா தூங்கும்போது.

— அது வேண்டாத பேச்சு.

— பழைய கடையிலேர்ந்து சுவரு ஷேடு கார்டை வாங்கிட்டு வந்து, தூங்குற மனுஷி கழுத்துல ஒவ்வொண்ணா ஒட்டி ஒட்டிப் பாத்திருக்காரு. அக்கா பல்லின்னு நினைச்சு ஒரு அறை விட்டிருக்கா.

— பல்லிக்குத்தான் விட்டா. நான் குறுக்க இருந்தேன். அதுக்கப்புறம் கழுத்துப் பக்கம் போக முடியல. கடைக்குக் கூப்பிட்டா வரமாட்டா. குப்பின்னு வாயைத் திறந்தா எந்திரிச்சுப் போயிருவா. கல்யாணத்துக்கு ஒம்பது நாளு. அதான் ஒத்தையில ஆரியசாலைக்கு, இவன் கடைக்குப் போனேன். கண்ணால பாக்கல, கையால தொடல…

— இங்கதான் வகுக்கணும் அக்கா. என் கடையில வேலை பாக்குற ரெம்யாதான் கண்ணைக் காட்டிக் கொடுத்திருப்பா. இவரு வாங்கிட்டு வந்தாரு, அவ்வளவுதான்.

— ரெம்யா என்ன சொன்னா தெரியுமா? எண்டே பொன்னு சேட்டா, ஆளைக் கொண்டு வாங்க, இல்லாட்டி போட்டோ கொண்டு வாங்கன்னா. போட்டோவைத்தான் தூக்கிக் கிணத்துல போடணும்னு வந்திருக்கேன், கொண்டு வரவான்னு கேட்டேன். குப்பி முப்பத்தாறையும் நாலு தட்டுல எடுத்து வெளிய வைம்மான்னு சொன்னேன். வெளிச்சம் வேணும்ல.

— எங்க வச்சாரு தெரியுமா அக்கா? எதிர்த்த கடை வெங்காய மூட்டை மேல. சுமை இறக்குறவங்க அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாத்தாங்க.

— முந்நூறு பேரு.

— ஏழு பேரு.

— பாத்தேன் சம்பந்தியம்மா, ஒரு பார்வை. வரிசையில இருபத்தேழாம் நம்பர். எடுத்தேன். ஒரு சொட்டு வச்சுத் தேச்சேன். உடனே பாத்து முடிவு பண்ணலாமா? ஈரத்துல எல்லாப் பெயிண்டும் பொய் சொல்லும். காயணும். குப்பியைக் கவருல போட்டுக் கடையில வச்சுட்டு ஒரு டீ குடிச்சேன். காஞ்சப்புறம் வந்து பாத்தேன். அப்படியே கரைஞ்சு போயிருந்தது.

— நில்லுங்க அண்ணாச்சி. ஒரு சொட்டு எதுல வச்சீங்க? கழுத்துதான் ஸ்கூல் வாசல்ல நிக்குதே.

— ஆங், மாட்டிக்கிட்டாரு. அக்கா, நீங்க கடை வைக்கலாம். மூணு மாசமா இந்தக் கேள்வியை நான் கேக்காம விட்டுட்டேனே. சொல்லுங்க அத்தான், எதுல வச்சீங்க?

— அது தொழில் ரகசியம்.

— அண்ணாச்சி.

— என்னமோ ஒண்ணுல வச்சேன்.

— சம்பந்தி கேக்குறேன். சொல்லணும், அல்லே?

— சொல்றேன். சிரிக்கக் கூடாது. நீங்க இந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப ஒண்ணு கேட்டீங்க. பெயிண்ட் கடைக்காரரு வீடு, கல்யாணத்துக்கு எல்லா ரூமுக்கும் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க, இந்த முன்னறையை மட்டும் ஏன் இப்படிப் பழசா விட்டு வச்சிருக்கீங்கன்னு.

— கேட்டேன். கஞ்சத்தனம்னு மனசுக்குள்ள நினைச்சும் வச்சேன், மன்னிக்கணும்.

— எல்லாரும் அப்படித்தான் நினைக்கானுவ. இவன் வெளியவே சொல்லுவான். அந்தக் காலண்டரைக் கொஞ்சம் தூக்குங்க, சம்பந்தியம்மா.

— இதையா? சரி… அட, இதுக்குப் பின்னால சுவரு வேற நிறம்லா. நல்ல தெளிச்சமா இருக்கு. இது என்ன, நகத்தளவு பேந்திருக்கு?

— பேந்ததில்ல. நான் பிளேடு வச்சுச் சுரண்டி எடுத்தது. அந்த ஒரு துண்டைத்தான் தீப்பெட்டியில போட்டு ஆரியசாலைக்குக் கொண்டு போனேன். பழைய சுவத்தோட அசல் நிறம் தெரியணும்னா காலண்டரைத் தூக்கித்தான் பாக்கணும். வெயிலு புகுந்து எடுக்காத இடம் அது ஒண்ணுதான்.

— அத்தான், சுவத்துக்கும் எங்க அக்கா கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

— இருபத்தெட்டு வருஷம் முன்னால, இந்த வீடு கட்டி முடிச்ச சமயம். அப்ப பிரேமா ரோட்டுல நிக்கல. மூஞ்சியும் கழுத்தும் ஒரே நிறம். ஒரு நாள் மத்தியானம் கடைக்குச் சோறு கொண்டு வந்தா. பாத்திரத்தைக் கழுவித் தாறேன், நில்லுன்னு சொல்லி அரை மணி நேரம் நிறுத்தி வச்சேன். வெள்ளையில கலர் ஏத்துற ஸ்டெய்னரு, மஞ்ச நாலு சொட்டு, சிவப்பு ரெண்டு, கருப்பு ஊசி முனையளவு. அவளைப் பாக்கிறேன், டப்பாவைப் பாக்கிறேன், அவளைப் பாக்கிறேன். என்ன, மூஞ்சியில சோறு ஒட்டியிருக்கான்னு கேட்டா. இல்ல, வெயிலா இருக்கு, கொஞ்சம் நிழல்ல நில்லுன்னேன். அந்த டப்பாதான் இந்தச் சுவரு.

— பிரேமாவுக்குத் தெரியுமா?

— அப்ப சொல்லல. வெக்கமா இருந்தது. பெறவு சொல்ல மறந்துட்டு. மறுபடியும் பெயிண்ட் அடிக்க மட்டும் கை வரல.

— அது செரி. அந்தக் குப்பியை எப்படி அவளை வாங்க வச்சீங்க?

— குப்பியைக் கொடுக்கவே இல்ல. காலண்டரைக் கழட்டிட்டு, அவ தலையைச் சுவத்துல சாய்ச்சு நிக்க வச்சேன். கையில கண்ணாடியைக் கொடுத்தேன். கழுத்தைப் பாரு, சுவத்தைப் பாருன்னேன். பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பெறவு, சாமான் எங்கன்னு கேட்டு கையை நீட்டினா.

— கல்யாணத்தன்னைக்கு யாரு போட்டு விட்டது?

— ரெம்யாதான் வந்து போட்டா. கடைசிக் கோட்டிங் மட்டும் நான். தாடையோரத்துல கோடு விழக்கூடாது பாத்துக்கிடுங்க. பஞ்சை உலர விட்டு, கழுத்துப் பக்கமா இழுத்து விடணும். காது வரைக்கும் கொண்டு போனேன். ரெண்டு சொட்டுக்கு மேல செலவாகல. சுவரா இருந்தா ரெண்டு சொட்டுல எட்டு அறை அடிச்சிருப்பேன்.

— இந்தா ஆல்பம். தாரை வார்க்கிற படம் எது… இது பாருங்க. செம்பைப் பிடிச்சுட்டு நிக்கா. நான் ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு மேடையில இவளுக்கு எதிர்த்தாப்புலதான் நின்னேன். பெத்த மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுடர்கூடப் போடாம வந்திருக்காளே, இருந்தும் என்ன லட்சணம்னு நினைச்சேன்.

— கேட்டியால மகேஷு? பெயிண்ட் அடிச்சதே தெரியலைன்னு சம்பந்தியம்மா வாயால வந்துட்டு. இப்பவாவது ஒத்துக்கிடுதியா?

— அக்கா நல்லா இருந்தா. அதை யாரு இல்லைன்னு சொன்னா. ஆனா இருபத்தெட்டு வருஷத்துச் சுவத்துத் துண்டு, வெங்காய மூட்டை, ஒரே எடுப்பு… இதெல்லாம் கடையில நிக்கிற எனக்கு இறங்க மாட்டேங்குது.

— இவனை என்ன செய்யலாம் சொல்லுங்க.

— தம்பி, நான் வந்ததுலேர்ந்து பாக்குறேன், அந்தக் கவரை மடியிலேர்ந்து இறக்கல. என்ன அதுல?

— அக்காவுக்கு ஒரு சாமான். ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாததை இப்படியா பிடிச்சுட்டு இருப்பாங்க. இங்க கொடுங்க. கொடுங்க தம்பி, நானும் இப்ப சொந்தம்தானே. ம்… சீலு உடைக்காத குப்பி. அண்ணாச்சி, நீங்க எடுத்தது எந்த நம்பர்னு சொன்னீங்க?

— இருபத்தேழு.

— இதுலயும் அதுதான் போட்டிருக்கு.

— பழசு தீந்திருக்கும், அதான் புதுசு. அக்காவுக்குன்னு கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்திருக்கான்.

— பழசு தீரல அத்தான். இது புதுசும் இல்ல. அன்னைக்கே எடுத்து வச்சது.

— என்னைக்கே?

— நீங்க கடைக்கு வந்ததுக்கு முந்தின நாளு. அந்த வெள்ளையைக் கொடுத்தது நான்தானே. எனக்கு மட்டும் தூக்கம் வந்திருக்கும்னா நினைக்கீங்க? மூணு குப்பியைப் பாக்கெட்டுல போட்டுட்டு ஸ்கூல் வாசலுக்குப் போனேன். மணி அடிக்கக் காத்திருந்தேன். பிள்ளைங்க வெளிய வர்றாங்க, அக்கா ரோட்டு நடுவுல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கா, வாயில விசில். கையை இறக்கினா பஸ் வந்துரும், வாயைத் திறந்தா விசில் விழுந்துரும். அந்நேரம் காலரை இறக்கிவிட்டுத் தாடையோரமா மூணு கோடு போட்டேன்.

— ஏலே, சும்மா அளக்காத. இதை நான் நம்பமாட்டேன்.

— விசிலாலேயே என்னை ஏசினா அத்தான். நாலு நாளைக்குக் காது கேக்கல. பிள்ளைங்க கடந்து முடியறதுக்குள்ள ரெண்டாவது கோடு வெயில்ல காஞ்சு கழுத்தோட கரைஞ்சுட்டு. கடைக்கு வந்து அந்த நம்பர்லயே சீலு உடைக்காத குப்பி ஒண்ணை எடுத்துப் பாக்கெட்டுல வச்சேன். எப்படியும் அத்தான் வந்து எதையாவது தப்பா எடுப்பாரு, அவருக்குத் தெரியாம கவருல மாத்திப் போட்டுரலாம்னு.

— அப்ப மூணு மாசமா அண்ணாச்சி சொன்னதை வகு, கழின்னு சொன்னது எதுக்கு, தம்பி?

— பின்ன? அன்னைக்கே ஒத்துக்கிட்டிருந்தா இவரு கூட இந்த ஊருல ஒரு மனுஷன் குடியிருக்க முடியுமா? நீங்க டீ குடிக்கப் போனீங்கல்லா அத்தான், அப்ப உங்க கவரைத் திறந்து பாத்தேன். நடந்தது உண்மைதான். ரெண்டுலயும் இருபத்தேழு, மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு.