ஏழாம் வகை ஓடு

பானை ஓட்டுத் துண்டை நாக்கால் தொட்டுப் பார்ப்பது அசிங்கம் என்று என் மனைவி சொல்வாள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் எங்கள் தொழிலில் அது ஊறிப்போன பழக்கம், இன்ஸ்பெக்டர் அம்மா. குறடால் ஓட்டின் ஓரத்தைக் கிள்ளி உடைப்போம். புதிதாக உடைந்த முகத்தில்தான் மண்ணின் உண்மை நிறம் தெரியும். அதில் துளி ஈரம் பட்டால், உள்ளே ஒளிந்திருக்கும் மணல், கல்துணுக்கு, மினுக்குப் பொடி எல்லாம் பளிச்சென்று எழுந்து நிற்கும். மேசையில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். இருந்தாலும் நாக்குத்தான் முந்திக்கொள்ளும். அன்தூசாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வேண்டாம் என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிரீட் தீவின் இந்தக் கிழக்குக் கரையில், வெண்கலக் காலத்தில் இங்கே வாழ்ந்த மினோவர்களின் பானைகளை நான் வகை பிரிக்கிறேன். வடிவத்தை வைத்தல்ல, மண்ணை வைத்து. வடிவத்தை எவனும் காப்பியடிப்பான். மண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஏழாம் வகை என் கண்டுபிடிப்பு. சிவந்த மண், நடுவே கறுப்புத் துணுக்குகள். அவை எரிமலைக் கல். நம் தீவில் எரிமலை ஏது? வடக்கே கடலுக்கு அப்பால், தீரா தீவில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பானைகள் தீராவிலிருந்து கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்தவை. கல்லாக வெந்தவை, தண்ணீரைக் குடிக்காதவை என்று என் நூலில் எழுதினேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர், மினோவர்கள் ஆடு மேய்த்த இடம். என் நூலுக்குப் பிறகு அது பண்டைத் துறைமுகம். ஊராட்சி ஓர் அருங்காட்சியகமே கட்டியது. மனூசோஸ் தன் உணவுக்கடைக்கு ‘தீராக் கப்பல்’ என்று புதுப் பலகை மாட்டினான். அவன் மகளுக்கு ஞானத் தந்தை நான். அந்த உறவில் கும்பாரே என்றுதான் கூப்பிடுவான்.

“கும்பாரே, உன் ஓட்டாஞ்சல்லி இல்லேன்னா எந்த ஜெர்மன்காரன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பான்? குடி, குடி. உனக்கு இல்லாத ராக்கியா!” என்று சாராயத்தை ஊற்றிக்கொண்டே இருப்பான்.

இப்படி ஓர் ஊரே நிம்மதியாக இருந்தபோதுதான் ஏதென்சிலிருந்து அன்தூசா வந்தாள். ஓட்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. நல்ல பெண். எதற்கும் சிரிப்பாள். மனூசோஸின் நத்தைக் கறியைக்கூடச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். போன மாதம் ஒரு நண்பகலில், ஓட்டுக் கிடங்கில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஃபோதிஸ் ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க எரிமலை நம்ம முதுகுக்குப் பின்னாடியே இருக்கு.”

“புரியலையே, பொண்ணே.”

“அந்தக் கறுப்பு எரிமலைக் கல் இல்ல. பின்மலைப் பாறை பொடிஞ்சு ஓடையில வந்த மணல். ஆடு மேயுற அதே மலைதான். இது கப்பல்ல வந்த ஜாடி இல்ல, உள்ளூர்ச் சமையல் சட்டி. சரியா வேகக்கூட இல்ல. தண்ணியில போட்டுப் பாருங்க, மனூசோஸ் ராக்கி குடிக்கிற மாதிரி குடிக்குது.”

“கருவி தப்பாக் காட்டியிருக்கும்.”

“கருவிக்கு உங்க மேல என்ன பகை?” என்று சிரித்தாள். “மனூசோஸ்தான் பாவம். பலகையைக் ‘கறிச்சட்டி’ன்னு மாத்தச் சொல்லுங்க. அவர் சமையலுக்கு அதுதான் பொருத்தம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அருங்காட்சியகத் திறப்பு விழாவுல நாம ரெண்டு பேருமே சேர்ந்து சொல்லிடலாம். தப்பைக் கண்டுபிடிச்சதே நீங்கன்னு இருக்கட்டும். எனக்குப் பேர் வேணாம்.”

பெருந்தன்மைதான். என் தலையை வெட்ட வாளை என் கையிலேயே கொடுத்தாள்.

நான் கோபப்படவில்லை. கோபக்காரர்கள் வேலையைக் கெடுத்துவிடுவார்கள். என் மாமனாரின் கொட்டகையில் ஒலிவ மரப் பூச்சிக்கு அடிக்கும் பழைய மருந்து ஒரு குப்பி கிடந்தது. இப்போது அதைத் தடை செய்துவிட்டார்கள், நல்ல முடிவு. ஓர் ஓட்டின் ஓரத்தைக் கிள்ளி, மருந்தில் ஊறப்போட்டு, உலர்த்தி, அவள் தட்டில் மேலாக வைத்தேன்.

“இதைப் பாரும்மா, புதுசா வந்திருக்கு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யாரையும் நான் எதற்கும் கட்டாயப்படுத்துகிறவன் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை என் கையாலேயே நிரப்பிப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவள் அதைத் தொட்டிருக்கலாம்.

அவள் சுருண்டு விழுந்ததும் மனூசோஸின் வண்டியை வரவழைத்தது நான்தான். போகிற வழியில் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. “மதியம் உன் கடையில நத்தைதானே சாப்பிட்டா?” என்று அவனிடம் வருத்தத்தோடு கேட்டேன்.

“கும்பாரே, என் மகமேல சத்தியம், கழுவித்தான் போட்டேன்!” என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஊர் நம்பவில்லை. கடையைப் பூட்டிவிட்டான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பலகை அப்படியே தொங்குகிறது, பாருங்கள்.

மேசையில் கிடந்த ஓட்டையும் நீங்கள் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவீர்கள் என்று நான் எண்ணவில்லை. ஓட்டைக் குப்பை என்று நினைக்கும் போலீசாரைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். உங்களைப் பாராட்டுகிறேன்.

நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்தேன். கொன்றவன் நான், திட்டமிட்டுத்தான் செய்தேன், எல்லாம் சரி. ஒரே ஒரு பிழை. ‘உள்ளூர் மண்ணாலான சமையல் சட்டித் துண்டில் விஷம் ஏற்றி’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தார் அவசரப்பட்டுவிட்டார்கள். அது ஏழாம் வகை. தீராவிலிருந்து வந்தது.

“வாத்தியாரே, கிடங்கு நெறய ஓடு இருந்துச்சே. எதுக்கு இதை எடுத்தீங்க?” என்று கேட்கிறீர்கள்.

இதில் என்ன சந்தேகம்? மற்றவை இறுக வெந்தவை. மருந்து மேலேயே நின்றுவிடும். இதுதான் நன்றாகக் குடிக்கும்.

“தண்ணியே குடிக்காதுன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கே?”

அது புத்தகம், அம்மா. புத்தகத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். ‘உள்ளூர் மண்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தீரா’ என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.