மூன்று சொட்டுத் தண்ணீர்

— நாற்காலியை இழுத்துப் போடாதே, நான் உட்கார வரல. உன் தங்கச்சிகிட்ட போன்ல என்ன சொன்ன? உன் வாயால ஒருதடவை சொல்லு, கேட்கிறேன்.

— அத்தை, கொஞ்சம் மெதுவா. பக்கத்து ஹால்ல பாட்டு பழகுறாங்க.

— பழகட்டும். அஞ்சு நாள் புள்ளை, கண்ணை மூடி இன்னும் ஒரு பொழுது முழுசா ஆகல. பெத்தவகிட்ட என்னடா சொன்ன?

— உள்ளதைத்தான் சொன்னேன். குழந்தை ஞானஸ்நானம் வாங்காமப் போயிடுச்சு, சபை முறைப்படி அடக்கம் பண்ண முடியாதுன்னேன். ஜெபம் வேணா பண்றேன்.

— வாங்காமயா? நான் குடுத்தேனேடா! கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை விட்டு, சிரிஞ்சில தண்ணி எடுத்து, நெத்தியில மூணு சொட்டு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு. முப்பத்தெட்டு வருஷமா பிரசவ வார்டுல கிடக்கேன், எத்தனை புள்ளைக்குக் குடுத்திருக்கேன் தெரியுமா? உயிர் போற நேரத்துல போதகருக்காகக் காத்திருக்க வேண்டாம், யார் வேணா குடுக்கலாம்னு சபையே சொல்லியிருக்கு.

— அது பழைய சபை அத்தை. அதைவிட்டு நாங்க வெளிய வந்து, நான் இந்தச் சபைக்குப் போதகராகி நாலு வருஷமாச்சு.

— வெளிய வந்துட்டா தண்ணி மாறிப் போச்சா அப்போஸ்தலரே?

— கேலி பண்ணாதீங்க. தண்ணி இல்ல, கைதான் விஷயம். இயேசு அப்போஸ்தலருக்கு அதிகாரம் குடுத்தார். அவங்க அடுத்தவங்க தலையில கை வச்சாங்க. அப்படியே கைமாறி வந்தது இது. அந்த அதிகாரம் இல்லாத கையில இருந்து விழுந்தா அது வெறும் தண்ணி. இதைச் சொல்லித்தான் போன வருஷம் நூத்திநாப்பது பேருக்கு மறுபடியும் ஞானஸ்நானம் குடுத்தேன். எழுபது வயசுக்காரங்க கூட குளிர்ல நடுங்கிக்கிட்டே தொட்டியில இறங்கினாங்க. அவங்களை எல்லாம் இறக்கிட்டு, என் தங்கச்சி புள்ளைன்னதும் வளைஞ்சு குடுத்தா நான் என்ன மனுஷன்?

— அப்ப அந்தப் புள்ளை எங்க போச்சு?

— அது தேவனுக்குத்தான் தெரியும்.

— அவகிட்ட நீ அப்படிச் சொல்லலியே.

— திரும்பத் திரும்பக் கேட்டா. ரட்சிப்பு உண்டா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு அண்ணேன்னா. எனக்கு வேற பதில் வரல. இல்லைன்னேன்.

— அடப்பாவி! பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலியில துடிக்கிறவகிட்டயா? எப்படிடா உனக்கு வாய் வந்துச்சு? கீழ கார்ல உட்கார்ந்திருக்கா, புள்ளையோட சவப்பெட்டியை மடியில வச்சுக்கிட்டு. வெறிச்சுப் பார்க்கிறா. அழக்கூட மாட்டேங்குறா.

— எனக்கு மட்டும் வலிக்கலையா அத்தை? காலையில இருந்து பச்சைத் தண்ணி இறங்கல.

— எப்படி இறங்கும்? சரி, ஒண்ணு கேட்கிறேன். நூத்திநாப்பது பேரைத் தொட்டியில முக்கினியே, உன்னை யார் முக்கினது?

— எனக்கு அது தேவையில்ல. என்னோடது சரியான கையால வந்தது. இதோ சான்றிதழைச் சுவத்துல மாட்டியிருக்கேன் பாருங்க, பழைய சபையில அந்த அதிகாரம் முறையா வாங்கியிருந்த ஒரே ஆள், நம்ம வெள்ளைத்தாடி போதகர் கையெழுத்து. பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் ஒண்ணு. பிறந்த அன்னிக்கே கர்த்தர் என்னைப் பிரிச்செடுத்தார். கூட்டத்துக்குக் கூட்டம் இந்தச் சாட்சியைத்தானே சொல்றேன், நீங்களும்தான் கேட்டிருக்கீங்க.

— கேட்டேன். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அதுதான் நான் பண்ணின தப்பு. உங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். ஏன்டா, புள்ளை பிறந்த அன்னிக்கே எந்தப் போதகர் பிரசவ அறைக்குள்ள வருவார்? ஒருநாளாவது யோசிச்சியா?

— என்ன சொல்ல வர்றீங்க?

— அந்த ஃபிரேமைக் கழட்டு.

— எதுக்கு?

— கழட்டுடான்னா. பின்னாடி நாலு ஆணி இருக்கும், சாவியால நெம்பு. ஃபிரேம் போட்டது உங்கம்மாதான். காகிதத்தை அடியில ரெண்டு விரல் அகலத்துக்கு மடிச்சுட்டுத்தான் போட்டா.

— அத்தை, பழைய காகிதம், கிழிஞ்சுடப் போகுது...

— கிழியாது. மடிப்பைப் பிரி. என்ன போட்டிருக்கு?

— "பதிவு செய்தவர்"னு அவர் கையெழுத்து. இதுதான் வெளியவே தெரியுமே.

— அதுக்குக் கீழ.

— "ஞானஸ்நானம் கொடுத்தவர்"...

— சத்தமாப் படி.

— "பயிற்சி செவிலியர், பிரசவ வார்டு. அவசரம்." அத்தை... பக்கத்துல இருக்கிறது உங்க பேரு.

— என் பேருதான்.

— இல்ல. இல்ல, இருக்காது. அம்மா என்கிட்ட சொல்லியிருப்பாங்க.

— எப்படிச் சொல்லுவா? நீ நீலம் பாரிச்சுப் பிறந்த. அழவே இல்ல. டாக்டர் உங்கம்மாகிட்டயே நிக்கிறார், ரத்தம் நிக்கல. போதகர் வெளியூர்ல, வர மூணு நாள் ஆகும். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. என் புள்ளை சும்மா போயிடக் கூடாது, நீ ஊத்து, நான் வார்த்தையைச் சொல்றேன்னு கெஞ்சினா. அவ சொல்லச் சொல்ல நான் சொன்னேன். மூணு சொட்டு. அப்புறம்தான் நீ அழுத. போதகர் வந்து, என்ன தண்ணி, என்ன வார்த்தைன்னு எல்லாம் விசாரிச்சார். இது செல்லும், ரெண்டாவது தடவை குடுக்கக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னு உங்கம்மாதான் மடிச்சு மறைச்சா.

— அவங்க சொல்லச் சொல்லன்னா... உங்களுக்கு அந்த வார்த்தை தெரியாதா?

— எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்ப கிறிஸ்தவளே இல்லையேடா. பைபிளைக் கையால தொட்டதில்ல. அதுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தானே உங்க மாமாவைக் கட்டிக்கிட்டு உங்க குடும்பத்துக்குள்ளயே வந்தேன்.

— ஐயோ... என்னோடதே வெறும் தண்ணின்னா, என் தலையில கை வச்சுப் போதகரா அபிஷேகம் பண்ணினாங்களே, அதுவும் செல்லாதே... அந்த நூத்திநாப்பது பேர்... அத்தை, அப்ப நான் யாரு?

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் நர்ஸ். உயிர் இருக்கா, இல்லையா, அதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

— குடிக்கணும் அத்தை. அந்தத் தண்ணியை எடுங்க.

— இந்தா, மெதுவாக் குடி. யாரு கதவுகிட்ட? அடி என் கண்ணே! உன்னைக் கார்லயே இருன்னுதானே சொன்னேன். தையல் போட்ட உடம்போட, பெட்டியையும் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்திருக்கியே!

— பெட்டி கனமே இல்ல அத்தை.

— தங்கச்சி... நீ எப்ப வந்த?

— நீ சத்தமாப் படிச்சியே, அப்பவே வந்துட்டேன் அண்ணே. பயப்படாதே, சண்டை போட வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். உனக்கும் மூணு சொட்டு, என் புள்ளைக்கும் மூணு சொட்டு. ஊத்தினதும் ஒரே கை. ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போவீங்க. எங்கன்னு சொல்லு.