பொண்ணு மாறிப்போன மரக் கல்யாணம்

செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறினேன். எதிரில் ஒரு புருஷன், பெஞ்சாதி. பக்கத்தில் அவனுடைய சிநேகிதன். புருஷன் முகம் செத்துப்போயிருந்தது.

“கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு மாறிப்போச்சுன்றியே மச்சான்” என்றான் சிநேகிதனிடம்.

“கொழந்த வேணும்னு வேண்டிக்கினு அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் பண்ணே. சரி. ஆனா நீ தாலி கட்டினது வேம்புக்கு இல்ல, மலைவேம்புக்கு.” சிநேகிதன் சட்டைப்பையிலிருந்து ரெண்டு கொத்து இலை எடுத்தான். “வேம்புன்னா ஒரே காம்பு, ரெண்டு பக்கமும் இலை. உன் மரத்துல பாரு, காம்புலேர்ந்து காம்பு பிரியுது.”

புருஷன் ரெண்டையும் கடித்துப் பார்த்தான். “ரெண்டும் கசக்குதே.”

“அக்கா தங்கச்சின்னா அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப கொழந்த பொறக்காதா?”

“இன்னா கெட்டுப்போச்சு இப்போ? நல்ல வேம்பா ஒண்ணு நட்டு, அரசுக்கு ரெண்டாந்தாரமா கட்டி வெச்சிடு.”

அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சாதி திரும்பினாள்.

“மொதல்ல மரத்துக்கு ரெண்டாந்தாரம். அப்புறம் யாருக்கு?”

புருஷன் வேப்பிலையை வெளியே வீசினான். மலைவேம்பு இலையை மட்டும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

“இதுவே இருக்கட்டும் மச்சான். நல்ல பொண்ணுதான்.”