சகாதேவன் உடனே வெளியே வரவும்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. நொறுக்குத்தீனி தின்கிறவனைக்கூட மன்னித்துவிடுவேன். கதை உச்சத்தில் இருக்கும்போது எழுந்து நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டுகிறான் பாருங்கள், அவனுக்கு டிக்கெட் கொடுத்ததே தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்தது எல்லாவற்றுக்கும் இந்தக் கொள்கைதான் காரணம். வேறு எதுவும் இல்லை. ஏட்டையா நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் கண்ணாயிரம். ஆறு வருடமாக இந்தத் தியேட்டரில் ஸ்லைடு எழுதுகிறேன். கண்ணாடித் துண்டில் கறுப்பு மை பூசி, காய்ந்ததும் குண்டூசியால் கீறினால் திரையில் எழுத்து பளிச்சென்று விழும். விளம்பரம் போக, அவசரச் செய்தியும் உண்டு. வெளியிலிருந்து யாராவது வந்து உள்ளே இருக்கிற ஆளைக் கூப்பிடச் சொன்னால், பேரை எழுதிப் படத்தின் மேலேயே காட்டுவோம். போன கார்த்திகை தீபத்தன்று காணாமல் போன பிள்ளைகளுக்காக மட்டும் பதினேழு எழுதினேன். தானிப்பாடிக்காரர் ஒருவருக்கு, மனைவிக்குப் பிரசவ வலி என்று போட்டேன். மனுஷர் படம் முடிந்த பிறகுதான் எழுந்தார். ரசிகர் என்றால் அவர்தான்.

ரேணுகாம்பாளைத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அவளும், அடுத்த அறையில் நீங்கள் உட்கார வைத்திருக்கிற சகாதேவனும், நானும் கீழ்பென்னாத்தூரில் ஒரே வகுப்பு. எழுபத்து மூன்றில் எஸ்.எஸ்.எல்.சி. ரசாயனம் எடுத்த அருணகிரி வாத்தியார் ஆய்வுக்கூடத்தில் மேஜைக்கு மூன்று பேராக நிறுத்துவார். எங்கள் மேஜையில் ரேணுவும் சகாதேவனும் ஒரே சோதனைக் குழாயை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். அதில் ஒன்றும் பொங்காவிட்டாலும் இவர்கள் முகம் சிவந்துவிடும். ஸ்பிரிட் விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நாள் வாத்தியார் வினையூக்கி என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். அது இல்லாவிட்டால் சேர வேண்டியது சேராது, சேர்ந்த பிறகு அதற்கு மட்டும் ஒரு மாற்றமும் இருக்காது என்றார். ரேணு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதியை மட்டும் நோட்டில் குறித்துவைத்தேன்.

அவள் வீட்டில் சினிமாவுக்கு அனுப்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்து படம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை அவளுக்குக் கதை சொல்வேன். சண்டைக்கு வாயாலேயே சத்தம் கொடுப்பேன். கண்ணை அகலமாக விரித்துக் கேட்பாள், பாவம். சில படங்களில் முடிவைக் கொஞ்சம் திருத்தினேன். கதாநாயகன் ரயிலேறிப் போய்விடுவான். கடைசிவரை கூடவே இருந்த நண்பன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வான். அதுதான் நியாயமான முடிவு என்று பட்டது. ஒரு தடவை ஊருக்கு வந்த டூரிங் டாக்கீஸில் அவள் அதே படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்து, "ஏன்டா புளுகுனே? அவ ஹீரோவைத்தானே கட்டிக்கிறா" என்றாள். யாருடன் போய்ப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஜுரம் அடித்தது. அது கொசுவால்.

பள்ளி முடிந்து சகாதேவன் இங்கே ரைஸ் மில்லில் சேர்ந்தான். இருவரின் கடிதங்களும் என் வழியாகத்தான் போய்வந்தன. ஒன்றைக்கூட நான் கிழித்ததில்லை. ஆவியில் காட்டினால் தானாக வாய் திறக்கிற உறைக்கு நான் பொறுப்பில்லை. படிக்கப் படிக்க எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கும், சகாதேவனின் நடை அவ்வளவு மட்டம். 'உன் நினைவாகவே இருக்கிறேன்' என்பதைத் தவிர அவனுக்கு வேறு வசனம் வராது. இப்படிப்பட்டவன் மேல் ஒருத்தி எப்படி உயிரை வைப்பாள் என்பது திரைக்கதையில் பெரிய ஓட்டை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை அவளுக்கும் தாய்மாமன் தருமனுக்கும் முகூர்த்தம். அவருக்கு நாற்பத்திரண்டு வயது, மூத்த தாரம் தவறிப்போனவர். சித்தியோடு தேரடித் தெருவுக்குக் கல்யாணச் சாமான் வாங்க வந்தவள், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக எங்கள் தியேட்டருக்கு ஓடி வந்தாள். ஞாயிறு மேட்னிக்குச் சகாதேவன் தவறாமல் வருவான் என்பது அவளுக்குத் தெரியும். மணி நாலே முக்கால்.

"சகாதேவன் உள்ளதானே இருக்காரு? ஸ்லைடு போட்டுக் கூப்பிடுங்க. அஞ்சு பத்துக்குப் பெங்களூர் பஸ். இதை விட்டா எனக்கு வேற வழியே இல்லிங்க."

அவளுக்கு மூச்சு வாங்கியது. நானே உள்ளே போய்த் தேடட்டுமா என்றாள். இருட்டில் அறுநூறு தலையில் எதைத் தேடுவாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருடப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை.

"நீங்க எனக்குக் கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. இந்த ஒரு உதவி மட்டும் பண்ணுங்கண்ணா."

பள்ளியில் என்னை டா போட்டுப் பேசியவள். அவசரத்தில் மரியாதை ஜாஸ்தியாகிவிட்டது போலிருக்கிறது. அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மேலே போனேன்.

ஸ்லைடு எழுதினேன், ஐயா. அதில் என்மேல் குறை சொல்ல முடியாது. 'சகாதேவன் உடனே வெளியே வரவும். ரேணு காத்திருக்கிறாள்.' சுழி ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆபரேட்டர் ஆதிமூலம், "என்னாபா, போட்டுடலாமா?" என்று கையை நீட்டினார். அவரையும் விசாரியுங்கள், மறைக்க மாட்டார்.

நான்தான் கொடுக்கவில்லை. அப்போது திரையில் கதாநாயகி ரயில் நிலையத்தில் தனியாக நிற்கிறாள். வண்டி புறப்பட மணி அடித்துவிட்டது. அவன் வருவானா மாட்டானா என்று தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெண்கள் பக்கத்தில் தேம்பல் கேட்கிறது. நானும் அழுதேன். அந்த நேரத்தில் அவள் முகத்துக்குக் குறுக்கே எழுத்துப் போடுவதா? "இந்தக் கட்டத்துலயா? ஜனம் கல்லால அடிக்கும்" என்றேன். அவர் ரீலைப் பார்க்கப் போய்விட்டார். கதாநாயகன் வந்துவிட்டான். கைதட்டல் அடங்கியதும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மணி ஐந்து.

ரேணு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிட நடை. இந்த இடத்தில் ஏட்டையா கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும். இன்னும் போடவில்லை, படம் முடியட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சகாதேவன் உள்ளே இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. இரண்டு தடவை போட்டாயிற்று என்றேன். நான்காவது வரிசையில் இருக்கிறான், படித்தான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான், அப்புறம் மறுபடியும் படம் பார்க்கிறான் என்றேன்.

"என் பேரும் இருந்துச்சா?"

"பெருசா இருந்துச்சு" என்றேன்.

அவள் அழவில்லை. அழுவாள், ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன், கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேரடிப் பக்கமாக நடந்தாள். சித்தியிடம்தான் போயிருப்பாள். ஐந்தரைக்குப் படம் விட்டு வெளியே வந்த சகாதேவன் என்னிடம் படம் எப்படி என்று கேட்டான். அருமை என்றேன். இருவரும் டீ குடித்தோம். அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் இருந்த கிணற்றிலிருந்து அவளைத் தூக்கினார்கள் என்று பேப்பர் போடுகிறவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சகாதேவன் ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் அவனைப் பிடித்துவந்திருப்பது தவறு. எந்த ஸ்லைடும் வரவில்லை என்று அவன் சொல்வது உண்மை. அவனை அனுப்பிவிடுங்கள். அவளை அந்தக் கிணற்றுக்கு அனுப்பியது நான் சொன்ன ஒரு வாக்கியம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பொறாமையால் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்து மயக்கமெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. கலை மீது எனக்கு இருக்கிற பக்தி அது.

அவள் சகாதேவனுக்கு எழுதி வைத்த கடிதத்தைச் சற்று முன் நீங்களே படித்துக் காட்டினீர்கள். 'கண்ணாயிரம் அண்ணன் ரெண்டு தடவை ஸ்லைடு போட்டாங்க. என் பேரைப் பார்த்தும் நீ எழுந்து வரலை.' கோர்ட்டுக்கு நகல் எடுக்கும்போது அதில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், ஐயா. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அண்ணன் என்று எழுதியிருக்கிறாளே, அது மட்டும் உண்மை இல்லை; கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் பொய் இருக்கக்கூடாது.