மாப்பிள்ளைக்கு ரெண்டு அம்மா

கருப்பணன்: ரெண்டு அப்பாவா? ஒரு மாப்பிள்ளைக்கா?

அழகுமீனா: ரெண்டு அம்மாவும்ப்பா! நாலு பேருமே லண்டன்ல இருந்து கல்யாணத்துக்கு வாராங்க. டிக்கெட்டே போட்டாச்சு!

வீரலட்சுமி: யாத்தே... நாலு பேருமா!

கருப்பணன்: ஏத்தா மீனா, வெளையாடாத. பத்திரிகை அடிக்கணும், பேரச் சொல்லுங்கன்னு சிவகாசி பிரஸ்காரரு ரெண்டு தரம் செல்லுல கூப்புட்டுட்டாரு. ஒரு அப்பா, ஒரு அம்மா பேரச் சொல்லு.

அழகுமீனா: ஆலிவர் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அவன் அப்பாவும் அம்மாவும் டைவர்ஸ் பண்ணிட்டாங்கப்பா. அப்பா வேற ஒருத்தங்களக் கட்டிக்கிட்டாரு. அம்மாவும்...

கருப்பணன்: அம்மாவுமா!

அழகுமீனா: நாலு பேரையும் போடணும்னு அவன் ஆசைப்படுறான்.

வீரலட்சுமி: கட்டிக்கப் போறவர அவன் இவன்னு...

அழகுமீனா: அவங்க பாசையில அவனும் அவரும் ஒண்ணுதாம்மா!

வீரலட்சுமி: சரி... அந்த ரெண்டு பொம்பளைகளும் பேசிக்கிடுவாகளா?

அழகுமீனா: கிறிஸ்மசுக்கு ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுவாங்க!

வீரலட்சுமி: சண்டையே வராதா?

அழகுமீனா: ஆரம்பத்துல மொகம் குடுத்தே பேசலையாம். அப்புறம் பழகிருச்சாம்.

கருப்பணன்: கேக்கவே கூசுது. பிரவுசிங் சென்டர்ல கம்ப்யூட்டருக்குள்ள இருந்து எம்புட்டு மரியாதையாக் கும்புட்டான் அந்தப் பையன்! இப்ப வாசல்ல ஆரத்தி எடுக்கும்போது எந்த அம்மாவுக்குப் பொட்டு வைக்க?

வீரலட்சுமி: ரெண்டு பேருக்கும் வச்சாப் போச்சு. குங்குமத்துக்கா பஞ்சம்?

கருப்பணன்: நீ வேற! நம்ம மல்லாங்கிணறு ஊரே கைகொட்டிச் சிரிக்கும். நமக்குன்னு ஒரு ஒழுக்கம், கட்டுப்பாடு இருக்குல்ல? கட்டுனவளக் கடைசி வரைக்கும் விடாத சனம் நாம.

அழகுமீனா: அவங்க எதையும் மறைக்கலப்பா. ஆலிவரும் அழுதிருக்கான். சனி ஞாயிறானா ஒரு பையத் தூக்கிக்கிட்டு அப்பா வீட்டுக்குப் போகணும். திரும்பி வந்தா ராத்திரி தூக்கமே வராதாம்.

கருப்பணன்: பாத்தியா! இதத்தான சொல்லுதேன். பெத்த பிள்ளைய இப்பிடியா அலையவிடுறது?

வீரலட்சுமி: அங்கன போனா கதவத் தெறந்தாகள்ல?

அழகுமீனா: தெறக்காம? அவனுக்குன்னு தனி ரூமே உண்டு. அந்த வீட்டுல ஒரு தங்கச்சி வேற! அவளும் வாரா. பட்டுப்பாவாடை கேட்டுருக்காம்மா!

வீரலட்சுமி: வெள்ளக்காரப் பிள்ள பட்டுப்பாவாடையா! நானே எடுத்துத் தாரேன்! ...ஏத்தா, அவ பேரும் பத்திரிகையில வருமா?

அழகுமீனா: பின்ன!

வீரலட்சுமி: என்னன்னு போடுவாக?

அழகுமீனா: தங்கச்சின்னுதான். வேற என்ன போட?

வீரலட்சுமி: தங்கச்சின்னே...

அழகுமீனா: என்னம்மா, கண்ணு கலங்குது?

வீரலட்சுமி: ஒண்ணுமில்ல... ஏங்க, நாமளும் போட்ருவமா?

கருப்பணன்: என்னத்தப் போட?

வீரலட்சுமி: அச்சங்குளத்துப் பிள்ள பேர.

கருப்பணன்: ...எந்தப் பிள்ள?

வீரலட்சுமி: போன ஆடிக்கு இருக்கன்குடி கோயில்ல, அம்புட்டுக் கூட்டத்துல, 'அப்பா'ன்னு உங்களப் பாத்து ஓடியாந்துச்சே, அந்தப் பிள்ள. அதோட ஆத்தா வாயப் பொத்தி இழுத்துக்கிட்டுப் போனா.

கருப்பணன்: அது... ஆள் மாறி...

வீரலட்சுமி: அன்னைக்கும் இதத்தான் சொன்னீக. அது மூக்கு நம்ம மீனா மூக்குங்க. அவ ஆத்தா எந்தப் பட்டாசு ஆபீசுல வேல பாக்கான்னு வரைக்கும் விசாரிச்சுட்டேன்.

அழகுமீனா: அப்பா... நெசமாவா? எனக்குத் தங்கச்சியா?

கருப்பணன்: பிள்ள முன்னால வச்சு என்ன பேச்சு இது!

வீரலட்சுமி: அவளுக்குத்தான மொதல்ல தெரியணும்? நான் ஒண்ணும் அந்தப் பொம்பளைக்காகப் பேசலை. அவ பேரு வேண்டாம். எனக்கு அம்புட்டுப் பெரிய மனசு கெடையாது. உங்க மேல உள்ள கோவமும் அப்பிடியேதான் இருக்கு. கல்யாணம் முடியட்டும், வச்சுக்கிடுதேன். ஆனா அந்தப் பிள்ள என்ன தப்பு செஞ்சுச்சு? நீங்க மொகத்தத் திருப்புனீகளே... அது நின்ன நெலம என் கண்ணுக்குள்ளயே இருக்கு.

அழகுமீனா: அவளும் வரட்டும்ப்பா! மேடையில என் பக்கத்துல நிக்கட்டும்! எவ்வளவு உசரம் இருப்பா? என்னை மாதிரியே இருப்பாளா?

கருப்பணன்: ஊரு என்ன சொல்லும்த்தா...

அழகுமீனா: சொல்லட்டும்! ...ஐயோ, செல்லு அடிக்குது. பிரஸ்தான். என்னப்பா சொல்ல?

வீரலட்சுமி: எடு ஆத்தா. மாப்பிள்ளை வீட்டு ஆளுக பேர எல்லாத்தையும் சொல்லு. அப்புறம் மணமகளின் தங்கைன்னு ஒண்ணு போடச் சொல்லு.

அழகுமீனா: பேரு?

வீரலட்சுமி: ஊர விசாரிச்சேன், வேலைய விசாரிச்சேன்... பேரக் கேக்க மட்டும் எனக்கு நாக்கு எழலை. உங்கப்பாட்ட கேளு.

அழகுமீனா: அப்பா, பிரஸ்காரரு லைன்ல இருக்காரு.

கருப்பணன்: ...சினேகா. எட்டாப்பு படிக்கா. கணக்குல அவதான் மொதல்.