உள்ளே சுற்றுகிறவருக்கே முதல் வழி

ரவுண்டானா பெரிய வித்தை ஒன்றுமில்லை, சார். உள்ளே சுற்றுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நுழைகிறவர் நின்று வர வேண்டும். நுழையும் பாதையைக் குறுக்கி, கொஞ்சம் வளைத்துவிட்டால் யாராலும் வேகமாக வர முடியாது. ஆம்பூருக்கு வெளியே இருப்பதை அப்படிக் கட்டவில்லை. தோல் ஏற்றிய லாரிகள் நேராகவே பாய்ந்து போகும்.

நான் அந்தச் சாலைக்குப் பொறியாளர். திருத்திய வரைபடத்தை மேலதிகாரி கங்காதரனிடம் பலமுறை கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை. "அங்க இதுவரைக்கும் யாரும் சாவலையேப்பா. செத்தா சொல்லு, உடனே வேலைய ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் பிரேக் சத்தம் கேட்கும். பாதியில் எழுந்து, பைக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த ரவுண்டானாவையே சுற்றுவேன். இடித்துக்கொள்ளப் பார்த்தவர்கள் தப்பித்துப் போனால் ஏனோ எரிச்சல் வந்தது.

ஷூ கம்பெனிகளுக்குச் சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்கப் போவேன். காது கொடுத்துக் கேட்டவள் தையல் பிரிவு தீபலட்சுமி ஒருத்திதான். "அப்போ உள்ள போய்ட்டா நான் பயப்பட வேணாமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து ஸ்கூட்டியில் நான் சொன்னபடியேதான் சுற்றிப் போவாள். லாரி வருகிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

விதியை மீறியவர் செத்தால் பழியை அவர் மேலேயே போட்டுவிடுவார்கள். விதியை நம்பியவர் செத்தால்தான் தப்பு சாலையினுடையது என்று ஆகும். இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஷிப்ட் விடும் நேரத்தில் அங்கே வண்டிகளை நிறுத்தி அனுப்புகிறவர் ஊர்க்காவல் படையின் பார்த்திபன். அந்தச் சாயங்காலம் அவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் உள்ளே சுற்றி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்தார். அவர் மேல் தப்பே இல்லை, விட்டுவிடுங்கள். வா, வா என்று கையை அசைத்தது நான்தான். அவள் அந்த இடத்திலேயே இறந்துபோனாள்.

கங்காதரன் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இப்போது போய்ப் பாருங்கள், ஒவ்வொரு லாரியும் நின்று, பார்த்து, மெதுவாக நுழைகிறது. தீபலட்சுமி மட்டும் இருந்திருந்தால், எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சந்தோஷப்பட்டிருப்பாள்.